சுத்தியல் ஓயாத ஊர்

எல்வ்ஃபொர்ஸ் இரும்பாலை,
1764 மே 6

அன்புள்ள எலின் அக்காவுக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், கணக்கர் லுண்டினின் பன்றி மதகில் விழுந்து, சக்கரத்தில் ஏறி இறங்கி, உயிரோடு கரை சேர்ந்தது. கொள்ளுத்தாத்தா கடல் தாண்டி லியேஜிலிருந்து வந்து அணை கட்டிய நாள்முதல் இந்த ஆறு சக்கரத்தைச் சுழற்றி, இரும்படிக்கும் பெரிய சுத்தியலைத்தான் தூக்கியிருக்கிறது. பன்றியைத் தூக்கியது இதுவே முதல் தடவை.

"தள்ளினது யாருடா?" என்றார் அப்பா.

"அதுவா குளிக்கப் போச்சுப்பா."

அடுத்த வருஷம் என்னைச் சுத்தியல் வேலையில் சேர்ப்பாராம்.

உன் தம்பி,
செர்வே

கெவ்லே துறைமுகம்,
மே 20

அன்புத் தம்பிக்கு,

பன்றி நலம்தானே? உன் மச்சான் கப்பலேறிவிட்டார்; பனிக்காலத்துக்கு முன் திரும்ப மாட்டார். எனக்கு ஆகஸ்டில் பிரசவம். நம் மனுஷர் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லை. நீ வந்து இரேன். இரும்பு எடைபோடும் இடத்தில் உனக்கு வேலை சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா, "அவன் இஷ்டம்" என்று சொல்லியனுப்பினார். வேடிக்கை எழுதி மழுப்பாதே. வருவாயா, மாட்டாயா?

எலின்

எல்வ்ஃபொர்ஸ்,
ஜூன் 2

அக்கா,

வருகிறேன், இரும்பு வண்டியோடு. இந்த ஊர்க்காரர்களுக்கு அணையைத் தாண்டினாலே முகம் தொங்கிப்போகும். நான் அந்த ரகம் இல்லை. மச்சான் வரும்வரை உன் வீட்டுக்கு நான்தான் ஆம்பிளை. படுக்கையை உதறிப் போட்டு வை.

செர்வே

எல்வ்ஃபொர்ஸ்,
ஜூன் 30

அக்கா,

நீ மீன் வாங்கப் போன நேரத்தில் கிளம்பி ஊருக்கே வந்துவிட்டேன். வேலை கடினம் என்று அப்பாவிடம் சொன்னது பொய். வேலையிலும் குறையில்லை, உன் சமையலிலும் குறையில்லை. தூக்கம்தான் வரவில்லை.

இங்கே ஞாயிறு தவிர ராப்பகலாகச் சுத்தியல் விழுகிறது. தொட்டிலிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கியவன் நான். உன் தெரு அடங்கியதும் என் காது விழித்துக்கொள்ளும். காலையில் நீ சட்டிகளை உருட்டும்போதுதான் கண் அயரும். "துரைக்கு இன்னும் விடியலையா?" என்று திட்டுவாயே, நான் தூங்கியது அவ்வளவுதான். நீ எப்படிப் பழகிக்கொண்டாயோ.

வரும் வாரம் ஆன்னா சித்தி அங்கே வருகிறாள். "அவளுக்குத்தான் காது கேக்காதே, எங்கேயும் தூங்குவா" என்று அம்மா அனுப்புகிறாள். பிரசவத்துக்கு நல்ல கை. நான் இருந்திருக்க வேண்டிய இடம், தெரியும். நீ பதில் எழுதாவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் வீட்டுக்கு ஆம்பிளை என்று எழுதியவனுக்குத் தாலாட்டு இல்லாமல் தூக்கம் வராது. மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதே.

செர்வே