ஞாயிறு இறுதிப் போட்டியிலிருந்து என் கணவரின் பெயரை நீக்கக் கோரி

அனுப்புநர்:
ரெஜிமெண்ட் தையல்காரி,
தடை தாண்டும் அணியின் மூன்றாம் சவாரி வீரரின் மனைவி,
குதிரைப்படைக் குடியிருப்பு.

பெறுநர்:
தளபதி அவர்கள்,
குதிரைப்படை ரெஜிமெண்ட் தலைமை அலுவலகம்.

பொருள்: தலையில் அடிபட்டு நினைவு தவறும் சவாரி வீரரை வரும் ஞாயிற்றுக்கிழமை குதிரை ஏற்றாமல் தடுத்து நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: பயிற்சி அதிகாரியிடமும் படை மருத்துவரிடமும் நான் நேரில் சொல்லிப் பலன் கிடைக்காத முறையீடுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் சவாரிக் கோட்டின் கை நீளத்தைச் சென்ற மாதம் குறைத்துத் தந்த தையல்காரி நான்தான். அப்போதே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வாசலில் பயிற்சி அதிகாரி நின்றதால் ஊசியும் நூலுமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

2. இந்த ஆண்டுப் போட்டிகளில் முதல் இரண்டு கோப்பைகளை என் கணவர் வாங்கித் தந்தது தாங்கள் அறிந்ததே. அவர் ஏறியது லாயத்தில் எல்லோரும் ‘அத்தை’ என்று கூப்பிடும் சாம்பல் நிறக் குதிரை. வயதானவள், கொஞ்சம் முசுடு. ஆனால் அவரிடம் மட்டும் ஒத்துப்போவாள்.

3. மூன்றாவது போட்டியில் அத்தை இடறியதில் அவர் தலைகுப்புற விழுந்தார். தலைக்கவசம் பிளந்துவிட்டது. விழுந்தவர் அதே குதிரையில் ஏறி மைதானத்தை ஒரு சுற்று வந்த பிறகே லாயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது நம் ரெஜிமெண்ட் வழக்கம். அவரும் ஏறினார். சுற்றி வந்து தங்களுக்கு சல்யூட்டும் வைத்தார். மைதானமே எழுந்து கை தட்டியது. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “இன்னிக்குப் போட்டி எத்தன மணிக்கு?” என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

4. அன்று முதல் சற்று முன் நடந்தது அவர் மனதில் தங்குவதில்லை. எப்போதும் அப்படி அல்ல. அதுதான் பெரிய தொல்லை. பழைய கதை எல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வார். மதியம் என் தம்பி வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். மாலையில், “உன் தம்பி இந்தப் பக்கம் எட்டியே பாக்கறதில்ல, என்ன கோவம் அவனுக்கு?” என்கிறார்.

5. அதற்குப் பிறகும் அவர் ஒரு போட்டியில் வென்றாரே என்று தாங்கள் கேட்கலாம். அது ஓடும் குதிரையில் இருந்தபடி, தரையில் அடித்த முளையை ஈட்டியால் குத்திப் பிடுங்கும் போட்டி. நேர்க்கோட்டில் போனால் போதும், எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தடை தாண்டுவது அப்படி அல்ல என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் தடைகளை மாற்றி வைக்கிறார்கள். வீரர் ஒரு முறை நடந்து பார்த்து, எதன் பிறகு எது என்று மனதில் ஏற்றிக்கொண்டு குதிரை ஏற வேண்டும். சென்ற போட்டியில் என் கணவர் பாதி வழியில் தவறான தடையைத் தாண்டி வெளியேற்றப்பட்டார். பதற்றம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நம் பயிற்சி மைதானத்தில் அவர் தவறுவதில்லையே என்றும் சொன்னார்கள். அங்கே தடைகள் மாதக்கணக்கில் இடம் மாறவே இல்லை. அத்தைக்கு வழி மனப்பாடம். அவள் கூட்டிப்போகிறாள், இவர் மேலே உட்கார்ந்திருக்கிறார்.

6. பயிற்சி அதிகாரியிடம் போய் அழுதேன். “அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல நச்சரிக்காம இருந்தீங்கன்னா எல்லாம் சரியாயிடும்” என்றார். ஐயா, நான் கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் அவர் ஒரு நாளும் வழி தவறியதில்லை. படை மருத்துவர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். என் கணவர் சரியாகச் சொன்னார். உடல்தகுதி உண்டு என்று அனுப்பிவிட்டார்கள். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி வெளி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, “இன்னொரு தடவ தலைல அடிபட்டா என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா” என்றார். அதை வெளியே சொன்னால் கிடங்கு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று, யாரிடமும் மூச்சு விடக் கூடாதென என் கணவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

7. இந்த நிலையில், அத்தை வேகம் போதாது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்கு அவருக்குத் ‘தோட்டா’ என்ற புதுக்குதிரையை ஒதுக்கியிருக்கிறார்கள். அது காட்டிய பக்கம் கண்மண் தெரியாமல் பாயும். முன்கட்டை தாழ்ந்தும் பின்கட்டை உயர்ந்தும் இருக்கும் அகலத் தடையைப் பின்பக்கமிருந்து தாண்டினால் குதிரையின் கால் சிக்கிக் குதிரையே ஆள் மேல் விழும் என்று லாயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பது அந்த நொடியில் நினைவிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

8. தினமும் மாலையில் சமையலறைத் தரையில் டம்ளர்களைத் தடைகளாக அடுக்கி வழி பழகுகிறார். எங்கள் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே தாண்டுகிறாள். “அப்பா, இந்தப் பக்கம் இல்லப்பா, அந்தப் பக்கம்” என்று அவள் இழுக்கிறாள். முதலில் விளையாட்டாகச் சொன்னவள் இப்போது பயந்து பயந்து சொல்கிறாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.

9. ஆகையால் நான் வேண்டுவது: அவர் பெயரை அணியிலிருந்து நீக்கி, பெரிய மருத்துவமனையில் தலையைப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். குணமாகும் வரை லாயத்திலேயே அத்தையைப் பராமரிக்கும் வேலை தர வேண்டும். பயந்து ஒதுங்கினான் என்று யாரும் ஏளனம் செய்யாதபடி, இது தங்கள் கட்டளை என்று அறிவிக்க வேண்டும். மனைவி சொன்னால் மல்லுக்கு நிற்பவர், உத்தரவு என்றால் கட்டுப்படுவார். அந்த உத்தரவை எழுத்தில் தாருங்கள், லாயக் கதவிலும் ஒட்டிவையுங்கள். வாயால் சொன்னால் மறுநாள் காலை சேணமும் கையுமாக வந்து நிற்பார். விழுந்தவரை உடனே குதிரை ஏற்றும் வழக்கத்தையும் நிறுத்தினால், இன்னொரு வீட்டுக்காரி இப்படி எழுத வேண்டியிருக்காது.

10. இதுவரை எழுதியதை நேற்று மாலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “என் பொழப்பக் கெடுக்கறியா?” என்று கத்தினார். டம்ளர்களை உதைத்துத் தள்ளினார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. அனுப்பிடு” என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இரண்டு பேரும் அழுதோம்.

இன்று காலை வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “ஞாயித்துக்கிழம பாப்பாவயும் கூட்டிட்டு வா. முன்வரிசைல உக்காருங்க” என்றார்.

தாங்கள் அவரை அழைத்து விசாரித்தால், இப்படி ஒரு மனுவைப் பார்த்ததே இல்லை, இது என் கையெழுத்தே இல்லை என்று அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம் ஐயா. நேற்று மாலை சம்மதித்தவரின் சொல்லையே தாங்கள் கேட்க வேண்டும் என்று கைகூப்பி வேண்டுகிறேன்.

இடம்: குடியிருப்பு, தையல் அறை
தேதி: இறுதிப் போட்டிக்கு முந்தைய புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையல்காரி

(ஒப்பம்)
மூன்றாம் சவாரி வீரர், நேற்று மாலை இட்டது