குழாய் வாயில் சாம்பிராணி

கண்மணி மொன்ஜியாவுக்கு, உன் வாப்பா தன் கைப்பட எழுதும் சலாம். இங்கே நானும் உம்மாவும் ஆடுகளும் சுகம். மான்ட்ரியல் பனியில் உன்னையும் மருமகனையும் அல்லாஹ் கதகதப்பாக வைத்திருக்கட்டும். இது மளிகைக்கடை ஸ்லீமின் எழுத்து அல்ல மகளே, என் எழுத்து. கோணல்தான், ஆனால் சொந்தக் கோணல்.

நான் எழுத்துப் படிக்கும் மண்டபத்துக்குப் பூட்டு விழ இருந்தது. மண்ணுக்குள் வாழ்வது நாகரிகமில்லை என்று நம்மைக் குழிவீட்டிலிருந்து மேலேற்றிச் சிமெண்டுப் பெட்டியில் நடுங்கவிட்ட அதே அரசாங்கம், மண்ணின் சூட்டையே குழாய் வழியாகக் கொண்டுவருவதைப் புதுமை என்று சொல்லி அந்த மண்டபத்தைக் கட்டியது. கூரைமேல் கறுப்புப் புகைபோக்கி வெயிலில் காய்ந்து உள்ளே இருக்கும் காற்றை மேலே இழுக்கும், அந்த இடத்துக்கு, குன்றோரம் வாய் வைத்து மண்ணுக்குள் புதைத்த குழாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று தரைவழியே வரும். விசிறியும் இல்லை, சத்தமும் இல்லை, அதனால்தான் வினை. சத்தம் போடாத எதுவும் வேலை செய்யாது என்பது பெரிய அதிகாரியின் கட்சி. போன வியாழன் சோதிக்க வந்தவர், கோட்டைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, சூடு வரவில்லை, காற்றும் ஓடவில்லை, மண்டபத்தைப் பூட்டுங்கள் என்றார். எனக்கோ படிப்பு இன்னும் பாதி பாக்கி.

அந்த நேரம் உன் உம்மா வெளியே குன்றோரம் குழாயின் வாயருகே இருந்தாள். பக்கத்தில்தான் நம் இறைநேசர் சீதி மர்சூக் அடக்கத்தலம். அங்கே ஏற்றும் சாம்பிராணிப் புகையைக் குழாய் உறிஞ்சுவதைப் பார்த்து, அவுலியாவே ஏற்றுக்கொள்கிறார் என்று அவள் சொல்லப்போக, ஊர்ப் பெண்கள் எல்லாரும் சாம்பிராணித் தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே அதிகாரியின் காலடியில் புகை கிளம்பியது. நெருப்பென்று அலறி ஓடினார். வெளியே வந்து பார்த்தால் புகைபோக்கியில் புகை நேராகப் போகிறது. மண்டபத்தைக் கட்டிய சின்ன எஞ்சினியர் மிரண்டு நின்று, பிறகு பணிவாகச் சொன்னான், "ஐயா, காத்து ஓடுறதைக் கண்ணால காட்டத்தான் புகை விட்டோம்." அதற்கு அவர், "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் ஓடியிருக்க மாட்டேன்ல" என்றார். மண்டபம் பிழைத்தது. இனிக் கட்டும் ஒவ்வொரு மண்டபத்திலும் இதே மணமுள்ள புகையால் சோதிக்க வேண்டுமென்று உத்தரவும் போட்டார்.

உம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "எம்மவளுக்குப் புள்ளை வேணும்னு ஏத்துனதை அந்த ஆளு மூக்கால வாங்கிட்டான். இனி அவன்தான் சுமக்கணும்" என்கிறாள். நீ அதைப் பொருட்படுத்தாதே. பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அல்லாஹ் உங்கள் வீட்டை நிறைக்கட்டும். ஒன்றை மறக்காதே. ஸ்லீம் உன் கடிதங்களைக் கடைவாசலில் உரக்கப் படிப்பான் என்றுதானே நீ பல சேதிகளை விழுங்கினாய்? இனி நான்தான் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பேன். நல்லதோ கெட்டதோ, எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் வாப்பா,
அம்மார்