தண்ணீர் திரும்பி வராத துளை

என் வீட்டுக்காரருடைய சாரத்தைத் துவைக்கும்போது விரலில் வெள்ளை மணல் ஒட்டியது. மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்களின் துணியில் செம்மண் வரும், கறுத்த களி வரும். இது சீனி மாதிரி மணிமணியாக மினுங்கியது. ஒரு தேசிக்காயை வெட்டி அதன்மேல் பிழிந்தேன். மெல்ல நுரைத்தது. உன் சட்டைப் பையிலிருந்த அசிட் போத்தலின் ஒரு சொட்டுக்குச் சீறுமே, அதே சுண்ணக்கல். உன்னிடம் ஓடிவந்து சொல்லத்தான் முதலில் தோன்றியது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

றக்வானைப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன், நீ புவிச்சரிதவியல் படிக்கப் பேராதனைக்குப் போனாய். “இம்புட்டு படிச்சி கல்லு பொறுக்கவா போற?” என்று உன் அப்பா கேட்டதற்கு, “நீங்க மலைக்கு மேல நிக்கிறீங்க, நான் அதுக்கு அடியில நிக்கப் போறேன், அவ்வளவுதாம்பா” என்றாய். கடைசியில் கனிமம் தேடும் கம்பனியோடு நம்முடைய தோட்டத்து மலைக்கே வந்து சேர்ந்தாய்.

வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ நம் ஓடை மணலைத் தட்டில் அலசி, அடியில் தங்கிய கனமான மணிகளைப் பார்த்து வரைபடத்தில் ஒரு சிறு குறி இட்டிருந்தானாம். அந்தக் குறியை நம்பி வந்தீர்கள். ஓடையோரமாக மேலே ஏறி ஏறி அலசினீர்கள். எந்த இடத்துக்கு மேலே அந்த மணி வரவில்லையோ, அங்கேதான் அதன் தாய்க்கல் இருக்கிறது என்றாய். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால், தேயிலைக் கொழுந்து மலையின் சரிவில்.

சுண்ணக்கல்லுக்குள் என்றோ ஒரு காலத்தில் கருங்கல் குழம்பு புகுந்திருக்கிறது. அதன் கொதிநீர் ஊறி, இரண்டும் தொட்டுக்கொண்ட விளிம்பில் இரண்டுமே இல்லாத புதுக்கல் உண்டாகியிருக்கிறது. ஸ்கார்ன் என்று பெயர் சொன்னாய். “சம்பந்தி சண்டை மாதிரிடி. ரெண்டு வீடும் தொட்டுக்கிற எடத்துலதான் சூடு. நடுவுல போனா ஒண்ணும் இருக்காது.” நான் அன்று எவ்வளவு சிரித்தேன்.

பிறகு பெரிய மெஷின் வந்தது. துளை போட்டு நீள நீளமாகக் கல்லை உருவி எடுத்தார்கள். நீ பட்டப்பகலில் ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஊதா விளக்கை அந்தக் கற்கள்மேல் பிடித்துப் பார்ப்பாய். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பாக்கியம் அக்கா பார்த்துவிட்டார்.

“என்னா புள்ள, கம்பளிக்குள்ள களவா சோறு திங்கிறியா?”

“நீங்களும் உள்ள வாங்கக்கா, பங்கு தர்றேன்.”

உள்ளே போனவரை வெளியே இழுக்க வேண்டியிருந்தது. கல் முழுக்க நீல நட்சத்திரம். அது ஷீலைட், மோதிரத்துக்கு ஆகாது, பல்புக் கம்பிக்கான உலோகம் அதிலிருந்துதான் வருகிறது என்று நீ எவ்வளவோ சொன்னாய். “ஒரு கம்பிக்கா இம்புட்டுப் பெரிய மெஷினு?” என்றார் அக்கா. நம் பக்கத்தில் மண்ணுக்குள் மினுங்குவது மாணிக்கம் மட்டும்தானே. பொழுது சாய்வதற்குள் கதை எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

துளை போடும்போது சூடு ஆறத் தண்ணீர் இறக்குவார்கள். அந்தத் தண்ணீர் கல் மாவோடு மேலே திரும்பி வரவேண்டும். அந்த ஒரு துளையில் வரவில்லை. துளைக்கம்பி பிடிமானம் இல்லாமல் சட்டென்று கீழே விழுந்தது. நீ மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாய். “அடியில வெறும் பொந்துடி. மழைத்தண்ணி சுண்ணக்கல்லக் கரைச்சி வச்சிருக்கு. இதுக்கு மேல ஒரு கோழிக்கூடு கட்டினாக்கூட எனக்குத் தூக்கம் வராது.” துளையின் வாயைச் சிமெந்தால் அடைத்து, யாரும் நெருங்கக்கூடாதென்று சிவப்பு வர்ணம் பூசினாய்.

எடுக்கும் அளவுக்கு உலோகம் இல்லை என்று கம்பனி போய்விட்டது. கல் பார்க்க வெட்டிய அகழியில் தேங்கிய தண்ணீரில் கடைசிவரை நின்ற உனக்குக் காய்ச்சல் வந்தது. மலை ஏறிய அலுப்பு என்றாய். எலிக் காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது.

சிவப்பு பூசியது ஏன் என்று சொல்ல நீ இல்லை. கல் அகப்பட்ட இடத்தைக் கம்பனி அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, திரும்பி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆட்கள் முடிவு செய்தார்கள். மற்றத் துளைகளை விட்டுவிட்டு, சரியாக அதன் பக்கத்திலேயே குழி வெட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

“அந்தப் புள்ள நல்ல புள்ளதான். ஆனா கம்பனி ஆளு. உள்ளதச் சொல்லுவாளா?” என்கிறார்.

“என்கிட்டதாங்க சொன்னா.”

“நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுவன்னு அவளுக்குத் தெரியுமே!”

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குழிக்கே போனேன். நீ சொன்னதையெல்லாம் வாத்திச்சி மாதிரி நின்று விளக்கினேன். கூட்டாளி சிங்கள அண்ணன் ஒருவர், “நங்கி, பயவென்ன எப்பா,” பயப்படாதே தங்கச்சி என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் ஏறிவந்து, சேற்றுக் கையால் மகளின் மூக்கில் பொட்டு வைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போனார். கிராம உத்தியோகத்தரிடம் சொன்னேன். மழை விடட்டும், வந்து பார்க்கிறேன் என்றார்.

மழை விடவில்லை. இன்று மாலை இவர் வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார். “இன்னைக்கு தண்ணி எறைக்க மோட்டாரே போடலடி! இம்புட்டு மழையிலயும் குழி காஞ்சி கெடக்கு. சாமி கண்ணத் தொறந்திருச்சி!”

“தண்ணி எங்கங்க போச்சு?”

“எங்கயோ போகட்டும். நமக்கென்ன?”

சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மகள் அவர் நெஞ்சின்மேல் கிடக்கிறாள். விடிந்ததும் போய்விடுவார். காலைப் பிடித்து அழுதும் பார்த்துவிட்டேன்.

லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் பயம் இருக்கிறது. மண்சரிவு, பாம்பு, காய்ச்சல். அவர்கள் அதை மாரியம்மன் காலடியில் இறக்கி வைத்துவிட்டு வந்து சமைக்கிறார்கள். நானும் போய் நின்றேன். ஆனால் எனக்குக் கல் எப்படிக் கரைகிறதென்று தெரியும், தண்ணீர் எந்தப் பொந்துக்குள் போனதென்று தெரியும். காரணம் தெரிந்த பயம் இது. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதை எந்தச் சாமியிடம் இறக்கி வைப்பதென்று மட்டும் நீ சொல்லாமல் போய்விட்டாய்.