எறும்பு திரும்பி நின்ற மூலை

என் மங்கா, எங்கள் சீமக்குட்டி,

"அக்கா, நான் தெச்சதுன்னு துணியே சொல்லணும். அதுக்கு என்னா பண்ணலாம்?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எவ்வளவோ. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இப்போது துணையாக இருப்பது உன் கேள்விதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மங்கா என் தங்கை. திருத்தணியில் பிறந்து, பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைக்கும் விரிப்பை எங்கள் பக்கத்தில் பொந்தை என்போம். குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் பழந்துணி மூட்டையோடு அவளைத்தான் தேடி வருவார்கள்.

உன்னைச் சீம என்று கூப்பிட்டது நைனா, நம் அப்பா. தெலுங்கில் சீம என்றால் எறும்பு. தவழும் வயதிலேயே ஒரு நூலையோ கந்தலையோ இழுத்துக்கொண்டு திரிவாயாம். பெயர் ஒட்டிக்கொண்டது. நீ தைத்ததெல்லாம் 'சீமப் பொந்த' ஆயிற்று. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் காதில் அது வேறாக விழுந்தது. சீமெண்ணெய் என்கிறோமே, அந்த வெள்ளைக்காரச் சீமையாக.

கதர் கட்டும் அந்தப் பெரியவர், தன் பேத்திக்கு நீ தைத்த பொந்தையைத் திருப்பிக்கொண்டு வந்தது நான் உன் வீட்டில் இருந்த அன்றுதானே?

"சீமத் துணி நம்ம வூட்டுக்கு ஆவாதும்மா. ஊரே சொல்லுது, இது சீமப் பொந்தன்னு."

"ஐயா, நல்லா பிரிச்சிப் பாருங்க. இது உங்க கதர் வேட்டிங்க. உங்க வூட்டம்மாதான் மூட்ட கட்டிக் குடுத்தாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அடுப்படி வரை ஓடிப்போய்ச் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். கண் கலங்கியிருந்தது.

நான் வாத்தியாரம்மா அல்லவா? "மூலையில பேரைத் தைச்சுடேன். மங்கான்னு மூணே எழுத்து. எழுதித் தர்றேன்" என்றேன்.

"போக்கா. மங்கான்னா தெருவுக்கு நாலு பேரு கீறாங்க. சீமன்னா நான் ஒருத்திதான்."

அன்றே கறுப்பு நூலை எடுத்து மூலையில் ஓர் எறும்பு வரிசை தைத்தாய். உன் நாத்தனார் முனியம்மா எட்டிப் பார்த்து, "எறும்ப தெச்சா வூடு பூரா எறும்பு மொய்க்கும்டி! சக்கர டப்பாவ ஒளிச்சி வெய்யுங்க" என்றாள். வரிசையில் எல்லா எறும்பும் ஒரு பக்கம் போக, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

"இது மட்டும் எங்கடி போவுது?" என்றேன்.

"திருத்தணிக்கு" என்றாய், தலையை நிமிர்த்தாமலே.

மங்கா, போன தையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அக்கா இருக்கத் தங்கை போவது என்ன நியாயம்?

தாய் வீட்டுக் கோடியாகப் புதுத் துணி போர்த்தித்தானே உன்னை அனுப்ப வேண்டும்? நம் அப்பா அம்மா இல்லாத இடத்தில் நான்தான் உனக்குத் தாய் வீடு. துணிக்குக் கட்டுப்பாடு இருக்கும் காலம். திருத்தணிக் கடைக்காரர் காலி அலமாரியைக் காட்டினார். தறி ஊரில் கிடைக்காமலா போகும் என்று வெறுங்கையோடு வந்தேன். உன் ஊரிலோ நூல் வராமல் தறிகள் நின்றிருந்தன. உன் வீட்டுக்காரர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, ஊடிழை ஓட்டும் நாடாவைச் சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தார். புதுத் துணி ஒரு முழம் கூட இல்லை. உன்னை வெறுமனே அனுப்ப வேண்டியதுதானா?

முனியம்மாதான் உள்ளே போய், நீ கடைசியாகத் தைத்துக்கொண்டிருந்த பொந்தையை எடுத்து வந்தாள்.

தெருக்காரர் ஒருவர், "பழந்துணிய கோடின்னு போட்டா மொறையாம்மா?" என்றார்.

"துணிதான்யா பழசு, தெச்சது புதுசு. யாரும் இதுல படுக்கல. உள்ள பாரு, அவங்கம்மா பொடவதான் அடுக்கி வெச்சிக்கீறா. இத விட என்னாய்யா தாய் வூட்டுக் கோடி?" என்றாள் முனியம்மா.

ஓரம் இன்னும் மூடாத இடத்தில் அம்மாவின் அரக்குப் புடவை தெரிந்தது. இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. உனக்குப் போர்த்த உலகத்தில் வேறு எதுவும் இல்லையே.

மூலை வெறுமையாக இருந்தது. முனியம்மா கறுப்பு நூல் கோத்து ஊசியை என்னிடம் நீட்டினாள். "நீ போடுக்கா. நான் போட்டா அவ ஒத்துக்கமாட்டா."

ஊசி பிடித்துப் பழகாத கை. ஒரே ஓர் எறும்பு. அதைத்தான் தைத்தேன். முனியம்மா குனிந்து பார்த்து, "என்னாக்கா, தேளு மாதிரி கீது" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே உடைந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். எறும்பின் தலையைத் திருத்தணிப் பக்கமாகத்தான் வைத்தேன், மங்கா. அது உன் கையெழுத்தாகுமா? இல்லை, உன் மேல் போட்ட என் கையெழுத்தா?

இப்போதைய செய்தி ஒன்று சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டத்தில், மலையடிவாரத்தில் ஒரு மாட்டுவண்டி. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, உன் பொந்தை மேல். எறும்பு வரிசையைப் பார்த்ததும் வண்டியருகே போனேன்.

தாய்க்காரி பெருமையாகச் சொன்னாள்: "சீமப் பொந்தம்மா. வெள்ளக்காரத் துணி."

வெள்ளைக்காரன் போய்விட்டான், மங்கா. சீமை மட்டும் உன் பெயரை விட்டுப் போகவில்லை. அவளிடம் எறும்புகளைக் காட்டி, உன் பெயரின் கதையைச் சொன்னேன். "ஐய, சாமி!" என்று சிரித்தவள், திரும்பி நிற்கும் எறும்பைத் தொட்டு, "இது மட்டும் எங்கம்மா போவுது?" என்றாள். கையை நீட்டித் திருத்தணி மலையைக் காட்டினேன். மறுபடி யாராவது கேட்டால் வாய்விட்டே சொல்லிவிடுவேன். சீமை என்று எவர் சொன்னாலும், என் மூச்சு இருக்கும் வரை திருத்துவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் கையால் தைத்த துணி ஒன்று இருந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டு, தைத்தவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சீமக்குட்டியின் தாய் வீடாக மிஞ்சியிருக்கும்,
அக்கா