ஒளித்து வைத்த கயிறு

செவ்வாய், இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடிவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

அப்பாவின் மூளையில் செல்கள் சுருங்கிச் சாகின்றன, ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் இணைப்புகள் அறுகின்றன, அவை திரும்ப வளராது என்றார் டாக்டர். நேற்று அப்பா கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் படகைக் கடலுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார். கூடப் போன சித்தப்பாதான் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நாளைக்கு நான் தனியாவே போறேன்" என்றார் அப்பா. பயந்துபோய், எஞ்சினை இழுத்துக் கிளப்பும் கயிற்றை ஒளித்து வைத்தேன்.

சாயங்காலம் முழுக்கத் தேடினார். "மீன் தின்ன என் வாயி கயித்தையும் தின்னுருச்சு போல, பாப்பா" என்று சிரித்தார். பிறகு, "நானேதான் எங்கிட்டோ வச்சு மறந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறதி நோய் முற்றிவிட்டதாக நம்புகிறார். உண்மையைச் சொன்னால் கடலுக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால்—

கதவு தட்டுகிறது. "பாப்பா, முழிச்சிருக்கியா?" அப்பாதான்.