ஸ்டோர்ஸிலிருந்து ரோஸஸ்

வெள்ளிக்கிழமை இரவு.

திண்டிவனத்தில் பூக்கடைக்காகப் பிடித்த இடத்தில், முன்பிருந்தவர் விட்டுப்போன 'ஸ்டோர்ஸ்' என்ற ஆறு இங்கிலீஷ் எழுத்துகள் சுவரில் இருந்தன. புதுப் பலகைக்கு இப்போது வழியில்லை. காலையில் அவற்றைக் கழற்றி, வேறு வார்த்தை கிடைக்குமா என்று நானும் இவரும் தரையில் மாற்றி மாற்றி வைத்தோம். 'ரெஸ்ட்' வந்தது.

"லாட்ஜுன்னு நெனச்சிக்கினு வருவாங்க" என்றார் இவர்.

டி எழுத்தை ஒதுக்கியதும் எனக்கு 'ரோஸஸ்' கிடைத்தது. இவரே ஏணி போட்டு மாட்டினார்.

முதலில் வந்தவர் ரோஸ்மில்க் கேட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"ரோஸ்மில்க் இல்லீங்க, மல்லி இருக்குது" என்றார் இவர். வந்தவர் சிரித்துவிட்டு இரண்டு முழம் வாங்கிப்போனார்.

இருட்டுவதற்குள் கூடை காலி. கீழே தமிழில் 'பூக்கடை' என்று எழுதிவிட்டுத்தான் நாளை ஷட்டரைத் தூக்க வேண்டும்.