கிக்கரா, கயிறா

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கே புழுக்கம். கல்லூரி இல்லை.

தம்பி டேவிட் இரண்டு பழைய மினி பைக்குகளை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். என் இடுப்புக்கும் வராத உயரம். குண்டு டயர். நாற்பது, ஐம்பது வருடப் பழசு. வேளாங்கண்ணிப் பக்கம் ஏதோ பங்களாவில் கிடந்ததாம். சிவப்புக்குக் காலால் உதைக்கிற கிக்கர். நீலத்துக்குக் கையால் இழுக்கிற கயிறு; இழுத்ததும் உள்ளே இருக்கும் சுருள்வில் அதைத் திரும்பச் சுருட்டிக்கொள்ளும்.

"ஒண்ணு உனக்குக்கா. வயலுக்குப் போய்வர."

ஸ்கூட்டர் இனி வயலுக்கு ஆகாது. போன சம்பாவில் வாய்க்கால் கரைச் சேற்றில் சாய்ந்தது, என் வலது முட்டிமேல். சவ்வு கிழிந்தது. இந்தக் குண்டு டயர் சேற்றில் போகும். அது உண்மை. டேவிட் உண்மை பேசினால் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் கூடவே: "சிவப்ப எடுத்துக்க. ஒரிஜினல் கிக்கர். கயிறெல்லாம் தண்ணி எறைக்கிற இன்ஜினுக்குத்தான்."

உதைக்க வேண்டியது வலது காலால். முட்டி விஷயம் அவனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவன்தான்.

கிரீஸ் நாற்றம் சமையலறைவரை. வாசல் சிமெண்டில் எண்ணெய்க் கறை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 4, சனி

வெயில். மெக்கானிக் ரஹீம் பாய் வந்தார். கூடவே டேவிட்டின் பழைய வண்டிச் சிநேகிதர்கள் இரண்டு பேர். மதியம்வரை என் வாசலில் மாநாடு. பாய் வெற்றிலை துப்பிய இடம் என் செம்பருத்தி.

காதில் விழுந்தவை:

"கயிறு ஸ்டார்ட் அசிங்கம் பாய். ஜெனரேட்டர் மேல ஏறி உக்காந்த மாதிரி."

"கிக்கர் திருப்பி அடிச்சா கணுக்கால் காலி. அதையும் சொல்லுங்க."

"ஆம்பளைன்னா உதைக்கணும்."

"ஓட்டப்போறது மேடம்ல?"

சிரிப்பு. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. டீ மட்டும் கேட்டார்கள். கொடுத்தேன், சர்க்கரை குறைத்து.

பாய் சிவப்பை உதைத்துக் காட்டினார். கிக்கர் திருப்பி அடித்தது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல. பிறகு, "இதெல்லாம் சகஜம்ங்க மேடம்."

யோசித்தது:
கிக்கர் – முட்டி போகும். உள்ளே பல்சக்கரம் தேய்ந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.
கயிறு – தோள். சர்க்கரை வந்தபின் வலது தோள் இறுகிக் கிடக்கிறது, தலை வாரவே பாடு. ஆனால் இடது கை இருக்கிறது. அறுந்தால் கயிறு எங்கும் கிடைக்கும்.

முட்டியா தோளா, எதைக் காவு கொடுப்பது என்று தேர்வு. நல்ல வயது இது.

நீலம் என்றேன். டேவிட்டின் முகம் சுருங்கியது. "அப்ப ஒண்ணு பண்ணு. நெலத்தை எங்கிட்டயே விட்டுடேன்க்கா. நீ எதுக்கு வெயில்ல அலையணும்?"

ஆக, பேச்சு பைக்கைப் பற்றியதல்ல. அப்பா எனக்கு எழுதிய பங்கு அவன் பங்கை ஒட்டியே இருக்கிறது. நான் போய் நின்றால்தான் அது என் சாகுபடி. நிற்காவிட்டால் இரண்டு போகத்தில் வரப்பு நகர்ந்துவிடும். இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் பொறுமை பற்றி. டேவிட் முன்வரிசையில், தலையாட்டியபடி.

மதியம் நீலத்தை "செக் பண்ண" வந்தான். எங்கள் பக்கத்துக் கயிற்று இன்ஜின்களில் கயிற்றைக் கையால் சுற்றி, முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். கயிறு கழன்று கையோடு வந்துவிடும். எல்லோருக்கும் அதுதான் கைப்பழக்கம். அவனும் அப்படியே இழுத்தான், மூச்சைப் பிடித்து, கடைசிவரை. இது கழலாத கயிறு. உள்ளே டங்கென்று ஒரு சத்தம். கைப்பிடி வெளியே தொங்கியது.

வேண்டுமென்றே செய்தானா? இல்லை. அவ்வளவு நடிக்க வராது. ஆனால் உடைந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்தேன். அருவருப்பு. எங்கள் இருவருக்கும் அப்பாவின் அதே முகம் வேறு. இரவு கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

"நாந்தான் சொன்னேனேக்கா. கயிறு தாங்காது."

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். நான்கு வகுப்பு, தொண்டை வறட்சி. மாலை பாய் வந்து, உடைந்த சுருள்வில்லின் நுனியைத் தீயில் காட்டி வளைத்து மாட்டினார்.

"பாதிக் கயிறு இழுத்தா போதும் மேடம். கைப்பிடிய வெடுக்குன்னு விட்டுடாதீங்க, கூடவே கொண்டுபோய் விடுங்க."

"இதை சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"அப்ப பேச்சு கிக்கர் பக்கமா போயிடுச்சுங்க."

இடது கையால் இழுத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பொறுக்காமல் வலது கையையும் சேர்த்தேன். பிடித்தது. தோள் வலியில் கண்ணில் நீர். வாய் முழுக்கப் புகை.

அக்டோபர் 7, செவ்வாய்

விடுப்பு. நீலத்தில் வயலுக்கு. பார்க்கச் சகித்திருக்காது, சர்க்கஸ் கரடி மாதிரி. நாய்கள் துரத்தின. கரையில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் வயலில் ஆட்கள், வரப்பு வெட்டிக்கொண்டு. நான் யாரையும் அனுப்பவில்லை. நடவுக்கு ஆள் கூட்டி வரும் வசந்தா நிமிர்ந்தாள்.

"என்ன டீச்சரம்மா, இந்த வண்டியில? நீங்க இனிமே வரமாட்டீங்க, தம்பிக்கே குத்தகைக்கு விட்டாச்சுன்னாங்களே?"

"யாரு சொன்னா?"

"தம்பிதாங்க. போன மாசமே."

போன மாதம். பைக் வருவதற்கு முன்பே. வண்டி வாங்கித் தந்த தம்பி, ஓட்ட முடியாத அக்கா. ஊருக்குச் சொல்லக் கதை தயார். சிவப்பு அதற்குத்தான்.

வாய்க்காலில் முகம் கழுவினேன்.

"நடவு என்னிக்கு?"

"வியாழக்கிழமைங்க."

"வியாழக்கிழமையே இருக்கட்டும். குத்தகை எதுவும் இல்ல. நான் நிப்பேன்."

"நெசமா வருவீங்களா? அக்கா தம்பி சண்டையில எங்க பொழப்பு நின்னுடக் கூடாதும்மா."

"வருவேன்."

அக்டோபர் 8, புதன்

டேவிட் பலமுறை போன். எடுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம். சிவப்பை லோடு ஆட்டோவில் ஏற்றி அவன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

வரப்பில் உட்கார்ந்து, விடைத்தாளின் பின்பக்கத்தில். நல்ல வெயில். ஐந்து முறை இழுத்துக் கிளம்பியது. நடவு பாதி ஆயிற்று. டேவிட் வந்துவிட்டான், வெள்ளை வேட்டியில். எதிர் வரப்பில் நிற்கிறான். பெண்கள் குனிந்தபடியே அவனையும் என்னையும் பார்க்கிறார்கள்.

சற்றுமுன் வசந்தா குரல் கொடுத்தாள்: "நாத்து பத்தலைங்க! இன்னும் ரெண்டு கட்டு எடுக்கவா?"

டேவிட் வாயைத் திறந்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.